ஆறடி மீன் தொட்டியை மாடி தாங்குமா?

"அதெல்லாம் தாங்கும்ணா, அஞ்சாவது மாடிக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்கோம்." சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மீன் தொட்டி செய்கிறவர்களிடம் மாடியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. போட்ட தொட்டி தரையை உடைத்துக்கொண்டு கீழே போனதாக அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தொட்டியை இறக்கி, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர், நாலைந்து வருடம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கில் கீறல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வருவதில்லை. அவர் சொல்லும் அந்த ஐந்தாவது மாடியில் தொட்டி எந்தச் சுவரோரம் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

எங்கள் வீடு பெரம்பூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். கட்டி இருபது வருடம் தாண்டிவிட்டது. சில்வர் அரோவானா வளர்ப்பது மகனுடைய ஆசை என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஆசை என்னுடையது. தொட்டியில் வளர்த்தாலே அந்த மீன் இரண்டு, இரண்டரை அடி வரை வளரும். நான்கடித் தொட்டியில் அதனால் ஒழுங்காகத் திரும்பக்கூட முடியாது. அதனால் ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்று அளவு முடிவானது. கடைக்காரர் 12 மில்லிமீட்டர் கண்ணாடி போடலாம் என்றார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரு கன அடி இடத்தில் 28 லிட்டர் சொச்சம் பிடிக்கும். 24 கன அடித் தொட்டிக்கு 680 லிட்டர் வரும். கண்ணாடியின் தடிமனையும், மேலே காலியாக விடும் இரண்டு அங்குலத்தையும் கழித்தால் 580 லிட்டர். கண்ணாடி மட்டும் 120 கிலோ. மணல், கல் போட்டால் அவை வெளியேற்றும் தண்ணீரைக் கழித்த பிறகும் ஒரு 50 கிலோ கூடும். இரும்பு ஸ்டாண்டும் பலகையும் 80 கிலோ. மூடி, விளக்கு, நனைந்த ஃபில்டர் எல்லாம் 30 கிலோ. கூட்டினால் 860 கிலோ. ஸ்டாண்டுக்குள் 100 லிட்டர் சம்ப் ஃபில்டரும், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் இன்னொரு சிறு தொட்டியும், வைத்தால் கிட்டத்தட்ட ஒரு டன். பழைய மாருதி 800 காரே 650 கிலோ சொச்சம்தான்.

அடுத்தது தரையின் கணக்கு. நம் ஊர் வீடுகளுக்கான சுமை அளவுகள் ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. வீட்டு அறைகளுக்கு லைவ் லோடு, அதாவது ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ஏற்றும் சுமை, சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். நம் பேச்சில் சொன்னால் சுமார் 200 கிலோ. ஆறுக்கு இரண்டடித் தொட்டி உட்காரும் இடமோ 1.1 சதுர மீட்டர்தான். அதற்குள் 860 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 770 கிலோ.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் தாளை மடித்து வைத்துவிடத் தோன்றியது. பார்க்கப்போனால் எட்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 200 கிலோ ஆகிவிடும். அந்தக் கணக்குப்படி இரண்டடி நீளத் தொட்டியைக்கூட மாடியில் வைக்க முடியாது. ஆனால் ஊரெல்லாம் வைத்திருக்கிறார்களே? வீட்டில் இன்னொரு கேள்வியும் வந்தது. "நம்ம ஹாலில் வளைகாப்பு நடந்தப்போ இருபத்தஞ்சு பேர் உட்கார்ந்தாங்க, அதுவே ஒன்றரை டன் இருக்குமே" என்றாள் மனைவி. கணக்கு சரிதான்.

ஸ்ட்ரக்சுரல் வேலை, அதாவது கட்டடம் சுமை தாங்குமா என்று கணக்கிடும் வேலை, மட்டுமே பார்க்கிற பொறியாளர் ஒருவர், நண்பர் வழியாகப் பழக்கம். கட்டணம் கொடுத்தே அவரைக் கூப்பிட்டேன். ஓசியில் கேட்டால் போனிலேயே "தாங்கும் சார்" என்று சொல்லிவிடுவார்கள்.

வளைகாப்புக் கணக்கை அவரிடமும் மனைவி சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "சரிதாங்க மேடம். ஆனா அவங்க ஹால் முழுக்கப் பரவி உட்கார்ந்தாங்க, சாயங்காலம் எழுந்து போயிட்டாங்க. இது ஒரே இடத்துல பத்து வருஷம் நிக்கப்போகுது" என்றார். கான்கிரீட் தொடர்ந்து சுமை தாங்கும்போது மெல்ல மெல்லத் தொய்யும். அரை நாள் கூட்டத்துக்கு வளைந்த தளம் பழையபடி நிமிர்ந்துவிடும். வருடக்கணக்கில் நிற்கும் சுமைக்கு வளைந்தால் அந்த வளைவில் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். தளம் இடிந்து விழுவதெல்லாம் அபூர்வம் என்றும் சொன்னார். நடக்கக்கூடியது வேறு: தளம் கொஞ்சம் தொய்ந்து, ஸ்டாண்ட் லேசாகத் திருகி, அந்தத் திருகலைக் கண்ணாடி தாங்காமல் அடிப்பக்கம் விரிசல் விடும். இல்லையென்றால் சிலிகான் ஒட்டு பிரியும். 580 லிட்டரும் நடு ராத்திரியில் கீழ்வீட்டுக்கு இறங்கும்.

சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது அறை முழுக்கச் சமமாகப் பரவிய சுமைக்கான அளவு. பத்துக்குப் பன்னிரண்டடி அறை என்றால் மொத்தம் 2,200 கிலோவுக்குத் தளம் கணக்கிடப்பட்டிருக்கும். அதற்காக ஒரு மூலையில் 2,200 கிலோவை ஏற்றிவிட முடியாது. தொட்டி உட்காரும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 770 என்று பயப்படுவதும் சரியில்லை. எவ்வளவு எடை என்பதோடு, அது தளத்தைத் தாங்கும் பீமிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பத்தடி அகலத் தளத்தின் நடுவில் ஒரு சுமையை வைத்தால் தளம் எவ்வளவு வளையப் பார்க்குமோ, அதே சுமையை விளிம்பு பீமிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் வளைக்கும் விசை வரும். அவர் இதை என் தாளின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினார். ஒரே தொட்டி, ஒரே தளம், நகர்த்தியது நான்கடிதான்.

ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்கிற மாதிரி தொட்டியைக் குறுக்கே வைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தொட்டியின் ஆறடி நீளமும் சுவரிலிருந்து தளத்தின் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய தொட்டி மாடியில் சுவரை ஒட்டி, பீமுக்கு இணையாகத்தான் போக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. இதில் எனக்கும் மறுபேச்சு இல்லை.

ஆனால் எந்தச் சுவர்? நான் தேர்ந்தெடுத்திருந்தது டிவி மாட்டியிருக்கும் சுவர். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது. சுவர் இருந்தால் கீழே பீம் இருக்கும் என்று நினைப்போம். அவர் கதவு நிலைப் பக்கம் சுவரின் தடிமனை டேப் வைத்து அளந்தார். நாலரை அங்குலம். "மேலே பாருங்க சார்" என்றார். சீலிங்கில் அந்தச் சுவருக்கு மேலே பீம் எதுவும் கீழே இறங்கித் தெரியவில்லை. தளம் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நேராகப் போகிறது. எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒரே மாதிரி. அப்படியானால் எங்கள் காலுக்குக் கீழேயும் அந்த இடத்தில் பீம் கிடையாது. அந்தச் சுவரே தளத்தின் மேல் சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறது. பூச்சோடு சேர்த்தால் ஓரடி நீளத்துக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். அதன் பக்கத்திலேயே தொட்டியையும் வைத்தால், ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்னும் ஏற்றுகிற கதை.

இந்த ஒரு வித்தை யாருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாடிகள் ஒரே அமைப்பில் இருந்தால், உங்கள் தலைக்கு மேலே பீம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் காலுக்குக் கீழேயும் ஓடும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் தெரியாது. லாஃப்ட் பக்கம், பாத்ரூம் பக்கம் திறந்திருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கலாம். முதல் மாடிக்காரர்களுக்கு வேலை சுலபம், கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பீமும் தூணும் அப்படியே தெரியும். கடைசி மாடியை மட்டும் நம்பக் கூடாது. மொட்டைமாடித் தளத்துக்கு வேறு மாதிரி போட்டிருக்கலாம், ஆகவே அங்கே இருப்பவர்கள் கீழ்வீட்டு சீலிங்கைத்தான் பார்க்க வேண்டும். கட்டட வரைபடம் சங்கத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எங்கள் சங்கத்தில் இருந்தது, பாதி கரையான் தின்றது போக.

ஹாலுக்கும் பொதுப் படிக்கட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் ஒன்பது அங்குலம். மேலே தடித்த பீம், மூலையில் தூண். அந்தச் சுவரோரம்தான் இடம் குறித்தோம். நேர் வெயில் படாது என்பதால் பாசி அதிகம் பிடிக்காது, அது கூடுதல் லாபம். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் இடம் அது என்பதுதான் சிக்கல். கொலு டிவி சுவருக்கு மாறியது. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

இடம் முடிவானதும் அவர் கீழ்வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கீழே குடியிருப்பவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், எதற்கும் நாலு கேள்வி கேட்காமல் விட மாட்டார். விஷயத்தை முழுதாகச் சொன்னோம். தொட்டி வரும் இடத்துக்கு நேர் கீழே சீலிங்கில் துருக்கறை இருக்கிறதா, பூச்சு உப்பியிருக்கிறதா, சுத்தியால் லேசாகத் தட்டினால் பொந்துச் சத்தம் வருகிறதா என்று பொறியாளர் பார்த்தார். கம்பி துருப்பிடித்தால் பருமனாகும், அதுதான் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கடலோரப் பகுதிகளின் பழைய குடியிருப்புகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அப்படி ஏதாவது தெரிந்திருந்தால் இடம், எடை எதையும் பேசாமல் கிளம்பியிருப்பேன் என்றார் பிறகு. எங்கள் பக்கம் சீலிங் சுத்தமாக இருந்தது.

அத்தோடு அவர் விடவில்லை. "உயரத்தைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டார். தொட்டியின் நீளம் கூடினால் எடை கூடும், ஆனால் அது உட்காரும் இடமும் சேர்ந்தே கூடும். உயரம் கூடினால் அதே இடத்தின் மேல்தான் எடை ஏறும். யோசித்துப் பார்த்தால் அரோவானா நீரின் மேல்மட்டத்திலேயே திரியும் மீன். அதற்கு வேண்டியது நீளமும், திரும்புவதற்கான அகலமும். இரண்டடி உயரம் நம் கண்ணுக்காகத்தான். உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தோம். தண்ணீர் 415 லிட்டராக இறங்கியது, கண்ணாடி 100 கிலோ. மணலும் வேண்டாம், அடி வெறுமையாக இருந்தால் கழிவை உறிஞ்சி எடுப்பது சுலபம். சம்ப் ஃபில்டருக்குப் பதில் மேலே வைக்கும் ஃபில்டர். மொத்தம் 620 கிலோ அளவில் நின்றது. எகிறிக் குதிப்பதில் அரோவானா கெட்டிக்காரன். மூடியைக் கொக்கி போட்டு மாட்டும்படி செய்யச் சொன்னேன்.

ஸ்டாண்டைப் பற்றிக் கடைக்காரரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அவர் வழக்கமாகச் செய்வது நான்கு கால், ஒவ்வொன்றும் இரண்டங்குலச் சதுரக் குழாய். உயரத்தைக் குறைப்பதற்கு முந்தைய 860 கிலோவை நான்கு கால் தாங்கியிருந்தால் காலுக்கு 215 கிலோ, அதுவும் இரண்டங்குலச் சதுரத்தில். வீட்டு அறைகளில் ஒரே இடத்தில் விழும் சுமைக்கு அதே தரநிலை சொல்வது சுமார் 180 கிலோ. அதைவிடப் பெரிய தலைவலி டைல்ஸ். அடியில் கலவை சரியாகப் பரவாமல் பொந்தாக இருக்கும் டைல் மேல் கால் உட்கார்ந்தால் அது உடைந்து ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்கிவிடும். நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்ததில் ஒன்று பொந்தாக ஒலித்தது. அதைப் பெயர்த்து மறுபடி பதித்தோம். ஸ்டாண்டுக்கு ஆறு கால், எல்லாக் காலையும் இணைத்துத் தரையோடு தரையாக ஓடும் சட்டம், சட்டத்துக்கு அடியில் ரப்பர் பட்டை. எடை காலுக்குக் கால் இறங்காமல் சட்டம் முழுக்கப் பரவும். ஆனால் இதனால் தளத்தின் மொத்தச் சுமை ஒரு கிராம்கூடக் குறையாது. ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை போட்டால் எவ்வளவு எடையும் தாங்கும் என்று சிலர் சொல்வது டைலுக்குப் பொருந்தும், தளத்துக்குப் பொருந்தாது.

மட்டம் பார்ப்பதில் அவசரப்படக் கூடாது. நம் வீடுகளின் தரை கழுவிவிடுவதற்கு வசதியாக வாசல் பக்கமோ பால்கனி பக்கமோ லேசாகச் சரிந்திருக்கும். காலி ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மட்டுமே தகடு கொடுத்துச் சரி செய்ய வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால் கண்ணாடிக்கு ஆபத்து. அங்கே தெர்மாகோல் ஷீட் மட்டும்.

தண்ணீரை ஒரே மூச்சில் நிரப்பவில்லை. நாளைக்கு அரை அடி உயரம். நிரப்புவதற்கு முன்பே கீழ்வீட்டு சீலிங்கில், சுவருக்குச் சுவர் ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீலிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பென்சிலால் சுவரில் எழுதி வைத்தார் கீழ்வீட்டுக்காரர். அது அவருடைய யோசனைதான். ஒவ்வொரு நாளும் அவரே அளந்து எனக்குப் போன் செய்து சொல்வார். ஸ்கேலில் பிடிபடும் மாற்றம் எதுவும் இல்லை. மேலே நான் பார்த்தது: தண்ணீர் மட்டம் நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து ஒரே அளவில் இருக்கிறதா, பக்கத்துக் கதவு திடீரென்று இடிக்கிறதா, தரையும் சுவரும் சேரும் இடத்தில் புதுக் கீறல் தெரிகிறதா. இப்போதும் நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்பவர்கள் பலவிதம். பால்கனியில் வைக்கலாமா என்றால் என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். தரநிலையில் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று அறையைவிட அதிகமாகத்தான் போட்டிருக்கிறது, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது; ஆட்கள் ஒரே பக்கம் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பதற்காக வைத்த அளவு அது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனியின் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கியிருந்தால் வெளியிலிருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அது விழும்போது முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது.

திருவல்லிக்கேணியில் பழைய மச்சு வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் நான்கடித் தொட்டிக்கு ஆசைப்பட்டார். மெட்ராஸ் டெரஸ் வகை: தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குத்துவாக்கில் அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் கலவை. உத்தரத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், ஆனால் சுவருக்குள் செருகியிருக்கும் முனை ஈரத்திலும் கரையானிலும் உளுத்துப்போயிருந்தால் வெளியே தெரியாது. தொட்டி என்றால் வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர் சிந்தும். கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், வைத்துக்கொண்டார்.

கீழ்த்தளம் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மண் நிரப்பிய தரை பொதுவாகத் தாங்கிவிடும், நிரப்பிய மண் சரியாக இறுகாத வீட்டில் டைல்ஸ் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் சென்னையில் தண்ணீர்த் தொட்டியை வீட்டுக்கு அடியிலேயே கட்டியவர்கள் உண்டு. போர்டிகோவில் தொடங்கி ஹால் வரைக்கும் நீளும் சம்ப் எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் உங்கள் தரை சம்பின் மூடித் தளம்தான், மாடிக்கு உண்டான எல்லாக் கேள்வியும் அங்கேயும் உண்டு.

எட்டுக்கு இரண்டரைக்கு இரண்டரை என்று கேட்டு வருபவர்களுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. அது 50 கன அடி, தண்ணீர் மட்டுமே 1,200 கிலோவைத் தாண்டிவிடும். கட்டி முடித்த வீட்டின் மாடியில் அதை எந்தச் சுவரோரம் வைத்தாலும் ஒரு பொறியாளர் கம்பி, கான்கிரீட் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்காமல் இறங்கக் கூடாது. இனிமேல்தான் வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் வேலை மிகச் சுலபம். தொட்டி வரும் இடத்தையும் அளவையும் கான்கிரீட் ஊற்றுவதற்கான சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே, வரைபடம் போடும்போதே சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கு அடியில் ஒரு பீம் கூடுதலாக ஓட்டுவதோ தளத்தைத் தடிமனாக்குவதோ மொத்தச் செலவில் தெரியவே தெரியாது. அப்படியே அந்த மூலையில் ஒரு தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் போக ஒரு வழியும், தரையிலிருந்து நாலடிக்கு மேலே இரண்டு பிளக் பாயிண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.